கோவிந்தராஜன் போட்ட கோடு

கோவிந்தராஜன் முப்பத்தொரு வருஷம் புத்தகம் திருத்தினார். அந்தப் புத்தகங்களை ஊரில் ஒருவரும் படித்ததில்லை, படித்தால் ஜெயில். லோத்குண்டாவில் இருந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய், ராணுவ வண்டிகளுக்கான பராமரிப்புக் கையேடுகளைத் திருத்திவிட்டு வருவார். எந்த போல்ட்டை எத்தனை சுற்று முடுக்குவது என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையேட்டில் ஆள் பெயர், ஊர்ப் பெயர், தேதி எதுவும் வரக்கூடாது என்பது ஆபீஸ் விதி. கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் சின்னக் கையெழுத்து. அந்தக் கோட்டுக்காக இரண்டு முறை பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருக்கிறார். கடிதத்திலும் அவர் பெயர் இல்லை, பணியாளர் எண்தான்.

மனைவி மங்களத்துக்கு இதில் தீராத மனக்குறை. "இவர் ஆபீஸ்ல புக் எடிட் பண்றார்" என்று சொன்னால், "எங்கே, காட்டுங்க" என்பார்கள். காட்ட என்ன இருக்கிறது? ரிடையர் ஆன அன்றே கோவிந்தராஜன் வாக்குக் கொடுத்தார்: "பாரு, என் பேர் போட்ட புக் ஒண்ணு உன் கையில குடுக்கறேன்." பதிப்பகம் பிறந்த ரகசியம் அவ்வளவுதான். அழைப்பிதழில் தமிழ்த் தொண்டு என்று போட்டதெல்லாம் ஊருக்காக.

கூட்டாளி நஸ்ரின், வாணியம்பாடிக்காரர். மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பதினெட்டு வருஷம், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கும் சீட்டைத் திருத்தியவர். ஆமாம், நாம் பிரித்ததும் கசக்கி எறிகிற அதே சீட்டுதான். தமிழ்ச் சங்க மலர்க் குழுவில் இருவரும் சந்தித்து, ஒருவர் திருத்தியதை மற்றவர் திருத்தி, பரஸ்பரம் மெய்சிலிர்த்து, 'பிழையிலி பதிப்பகம்' தொடங்கினார்கள். இருவர் சர்வீஸையும் கூட்டி 'அரை நூற்றாண்டு அனுபவம்' என்று கார்டு அடித்தார்கள். எதில் அனுபவம் என்று கார்டு சொல்லவில்லை.

முதல் புத்தகம், அல்வாலில் டிபன் சென்டர் நடத்திய சம்பந்தத்தின் வாழ்க்கைக் கதை. மனுஷன் ஒருவரை விடாமல் பெயர் சொல்லி வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். திருத்திய பிரதி இப்படிப் போனது: 'ஒரு பகுதியில் ஒரு நபர் உணவகம் நடத்தினார். மற்றொரு நபர் அவரை ஏமாற்றினார்.' அது கோவிந்தராஜன். மிளகாய் பஜ்ஜி வரும் இடமெல்லாம், 'வயிற்றுப்புண் உள்ளவர்கள் தவிர்க்கவும்.' அது நஸ்ரின்.

சம்பந்தம் போனில் ஊர் உருது கலந்து கொதித்தார். "கைக்கு சார், ஏன் இப்படிப் பண்ணீங்க? என்னை ஏமாத்தினவன் பத்ரிநாராயணன். அவன் பேர் வரணும்னுதானே நான் எழுதினதே! இந்த மாதிரி புக் எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம்!"

நஸ்ரின் சுதாரித்துக்கொண்டார். எல்லாப் பெயர்களையும் திரும்பச் சேர்த்தார், தன் எச்சரிக்கைகளை மனமில்லாமல் எடுத்தார். முழுப் பிரதியையும் கோவிந்தராஜனிடம் கொடுத்தால் மறுபடி கோடு விழும் என்ற பயத்தில், பதிப்பு விவரம் உள்ள முதல் பக்கத்தை மட்டும் நீட்டினார்.

"இந்த ஒரு பக்கம் பார்த்தாப் போதும் சார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரே பக்கம் என்றால் கவனம் கூடத்தானே செய்யும்? கோவிந்தராஜன் மூன்று தடவை பார்த்தார். விட்டுப்போன முற்றுப்புள்ளி ஒன்றைச் சேர்த்தார். மங்களத்தின் ஷோகேஸில் புத்தகத்தை எந்தத் தட்டில் நிறுத்தலாம் என்று மனசு கணக்குப் போட, கை தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது.

வெளியீட்டு விழாவில் மங்களம் பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கோவிந்தராஜன். நஸ்ரின் மைக்கைப் பிடித்தார்.

"எங்க சார் மாதிரி அடக்கமான மனுஷரைப் பார்க்க முடியாதுங்க. எடிட்டர்னு எங்க ரெண்டு பேர் பேரையும் போட்டிருந்தேன். ரெண்டையும் சிவப்புல அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டார். அவர் பேரை அடிக்க அவருக்கு உரிமை இருக்கு, விட்டுட்டேன். என் பேரைத் திரும்பப் போட்டுக்கிட்டேன். தயாரிச்சவங்க பேர் இல்லாம சரக்கு வெளியே போகக்கூடாது, அது சட்டம்."

கூட்டம் கைதட்டியது. கோவிந்தராஜன் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். பாவம்தான், ஆனால் யாரை நோவது? மங்களம் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். பத்ரிநாராயணன் பெயர் நாற்பது இடத்தில் இருந்தது.

மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ராணுவ புக்கே பரவால்லங்க," என்றாள். "அதுல உங்க பேர் கூடாதுன்னு சர்க்கார் சொல்லிச்சு. இதுல யாரு சொன்னா?"