தலைவியும் தலைவிதியும்

உலகத் தமிழர்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் நான் தோழியாகப் பதவியேற்றேன்.

எங்கள் காவிய நாடகத்தில் தோழியாக நடிக்கவிருந்தவளுக்குக் காய்ச்சல். குழுவில் மீதமிருந்த பையன்களில் மீசை முளைக்காத ஒரே ஆள் நான்தான்.

ஒத்திகையில் இயக்குநர் அங்கிள் சொன்னார்: "உனக்கு வசனம் கிடையாது. தலைவி பக்கத்துல விளக்கைப் பிடிச்சிட்டு நில்லு, போதும்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"என்ன அங்கிள் இது? காவியத்துல தூது போறவ தோழி. ரகசியத்தைக் காப்பாத்துறவ தோழி. தலைவிக்காக அவ அம்மாகிட்ட ஏச்சு வாங்குறவளும் தோழி. தோழி இல்லன்னா தலைவிக்குத் தலைவிதிதான் லா!"

மண்டபமே கைதட்டியது. தலைவியாக நடிக்கும் யாழினி விசிலடித்தாள். அங்கிள் அங்கேயே உட்கார்ந்து எட்டு வரி வசனம் எழுதிக் கொடுத்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் வீரன்.

சேலை கட்டி மேடையேறியதும் எட்டு வரியும் மறந்துவிட்டது. யாழினியின் காதருகே குனிந்து, "தோலோங்... தோலோங் லா!" என்று மலாயில் உதவி கேட்டுக் கெஞ்சினேன். அவள் அழுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, எட்டு வரியையும் எடுத்துக் கொடுத்தாள்.

தோலோங் என்றதும் வருபவள்தான் தோழி என்றால், நான் யார் மக்களே? விளக்குக் கம்பமா?