மான்குட்டி இருந்த பூங்கா

எங்கள் ஊரில் ஆற்றோரப் பூங்கா திறந்த வருஷம்தான் சித்தி மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு எட்டு வயது. சித்தி அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அவளுடைய கைக்குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. ஜவ்வாது மலையில் அவர்கள் ஊருக்கு அப்போது பாதை கிடையாது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கி வரும் வழியிலேயே குழந்தை அடங்கிவிட்டதாம். சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் விட்டு, சாமை அறுப்பு முடிந்ததும் வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அறுப்பு முடிந்தும் வரவில்லை. சித்தி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எதைப் பற்றியுமே சொல்லவில்லை. கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

பூங்கா ஆன இடம் அதற்கு முன் முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தெரு என்று முறை வைத்து ஊரே சேர்ந்து அதைத் திருத்தியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு புங்கங்கன்று நட்டோம். ஊஞ்சலும் சறுக்குமரமும் சிமெண்டு பெஞ்சுகளும் வந்தன. பெஞ்சு கொடுத்தவர்களின் பெயர்களைச் சாய்மானத்தில் எழுதிவிட்டதால், பெயர் தெரியவேண்டும் என்று நினைத்த சிலர் தங்கள் பெஞ்சில் யாரையும் சாய்ந்து உட்கார விடவில்லை. அப்பாவுக்கு அங்கே காவலாளி வேலை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையில் சித்தியைச் சேர்த்துவிட்டார்.

கார்த்திகை மழை விட்ட சமயம், விறகுக்குப் போனவர்கள் ஒரு புள்ளிமான் குட்டியைத் தூக்கி வந்தார்கள். தாயை நாய்கள் கடித்துக் கொன்றிருந்தன. கொஞ்சம் பெரிதானதும் காட்டில் விடலாம், அதுவரை பூங்காவில் இருக்கட்டும் என்று வனத்துறைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். கம்பிவேலி போட்டு ஒரு பட்டி அமைத்தார்கள். பூங்காக் கமிட்டித் தலைவருக்கு ஏகப் பெருமை. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரிலும் மான் இல்லை.

குட்டி இரண்டு நாள் எதையும் வாயில் வைக்கவில்லை. மூன்றாம் நாள் சித்தி பட்டிக்குள் போய் மண்ணில் உட்கார்ந்தாள். ஆட்டுப்பாலில் விரலை நனைத்து நீட்டியபடி அசையாமல் இருந்தாள். வெகுநேரம் கழித்துக் குட்டி வந்து விரலைச் சப்பியது.

அன்று சாயங்காலம் சித்தி தானாகவே அம்மாவிடம் பேசினாள்.

"குடிச்சிடுச்சிக்கா."

அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மான் பால் குடித்ததற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு சித்தி கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள், சாப்பிட்டாள், ஒருநாள் எனக்குத் தலைகூடப் பின்னிவிட்டாள். ஆனால் குட்டி அவளிடம் மட்டும்தான் வந்தது. நான் கூப்பிட்டால் காதை மட்டும் திருப்பும்.

"இன்னா பாப்பா, உன்கிட்ட வரலன்னு கோவமா? வரும், பொறு," என்றாள் சித்தி. "ஆனா பாலும் தழையுந்தான் குடுக்கணும். சோறு கீறு வெச்சிடாத. அதுக்கு வவுறு தாங்காது."

காணும் பொங்கலன்று ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். அப்பா சறுக்குமரத்தருகே பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். பட்டியின் முன்பக்கம் நின்றிருந்த சித்தி, கரும்போடும் முறுக்கோடும் நீண்ட கைகளையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பக்கம், பட்டிக்குப் பின்னால், யாருமில்லை. நான் எங்கள் தூக்குவாளியிலிருந்து சர்க்கரைப் பொங்கலை இலையில் அள்ளி வந்து கம்பிக்கடியில் தள்ளினேன்.

குட்டி வந்தது. மோந்து பார்த்தது. தின்றது. பிறகு என் விரல்களை நக்கியது. நாக்கு சொரசொரவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. இன்னும் வேண்டும் என்பதுபோல நிமிர்ந்து பார்த்ததும் ஓடிப்போய் மறுபடி அள்ளி வந்தேன். மூன்று தரம் கொண்டுவந்தேன். அதைவிடச் சந்தோஷமான நாள் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

மறுநாள் காலையில் குட்டி வயிறு உப்பிக் காலை நீட்டிக் கிடந்தது. மாட்டு டாக்டர் வந்து எண்ணெய் புகட்டிப் பார்த்தார். சித்தி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதுக்கு முன்பே அது அடங்கிவிட்டது.

"யாரோ பொங்கல் குடுத்திருக்காங்க. நெறையவே குடுத்திருக்காங்க," என்றார் டாக்டர்.

கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். தலைவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"காவலுக்குன்னுதானே உன்ன வெச்சோம். நீ இன்னாத்தப் பாத்துக்னு இருந்த? இனிமே உன்ன எப்படி வேலையில வெக்கிறது?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அம்மாவின் பின்னால் ஒட்டி நின்றேன். பொங்கலுக்கு எடுத்த புதுப் பாவாடையை நான் கழற்றவே இல்லை. முன்தினம் துடைத்த வெல்லமும் நெய்யும் அதில் அப்படியே இருந்தன. சித்தி பாவாடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குட்டியின் தலையை மடியிலிருந்து மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. நாந்தாங்க குடுத்தேன்."

"நீயா? ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லிக்னு இருந்தவளே நீதானே?"

"பசிச்சா மாதிரி பாத்துச்சிங்க. குடுத்துட்டேன்."

கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை, "பெத்ததையே வெச்சிக் காப்பாத்தத் தெரியாதவ. இவகிட்ட போய் விட்டாங்க பாரு," என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல இருந்தது. அப்படியானால் சித்தியும் கொடுத்திருக்கிறாள். நான் கொடுத்தது கொஞ்சம்தான், அவள் கொடுத்ததுதான் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அதுவே உண்மையாகிவிட்டது. பல வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு எட்டு வயது நடந்தபோது, அவள் செய்த ஏதோ ஒரு தப்பை நான் செய்ததாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் சித்தி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அப்பாவின் வேலை நிலைத்தது. சித்தியை நிறுத்திவிட்டார்கள். அழைத்துப்போக யாரும் வராமலே அவள் மலைக்குத் திரும்பினாள். அடிவாரம் வரை போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட அம்மாவும் நானும் போனோம். சித்தி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காத, பாப்பா," என்றாள்.

மானைக் கொன்றதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மன்னிக்க மனம் வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.