கவர் போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டு டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குள்தான் இருக்கிறது. மிக்ஸிக்குத் துணி உறை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு ஓர் உறை. எல்லாம் என் மாமனார் வேலை. பம்மலில் ரோட்டுத் தூசி வீட்டுக்குள் வராத நாளே இல்லை என்பதால் நானும் வாயைத் திறந்ததில்லை.

லேப்டாப் பழுதானதும் கணவர் கட்டைவிரல் நீளத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கிவந்து டிவியின் பின்னால் செருகினார். ஒரு கீபோர்டும், டிவி மேல் ஒரு கேமராவும் வைத்தால் போதும், டிவியே கம்ப்யூட்டர் ஆகிவிடும். அதில்தான் எனக்கு இன்டர்வியூ. குழந்தைக்காக வேலையை விட்ட பிறகு எங்கெங்கோ எழுதிப் போட்டேன். கூப்பிட்டது இந்த ஓர் இடம்தான். இதையும் விட்டால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

காலை நேரம். கணவர் ஆபீஸில், மகள் பள்ளியில். மாமனாரை உள்ளறையில் இருக்கச் சொல்லிவிட்டேன். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து வீடியோ காலில் நுழைந்தேன். டிவி முழுக்க இன்டர்வியூ எடுக்கும் மேடத்தின் முகம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவர் குரல் இழுத்தது. முகம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்துவிட்டது.

ஓடிப்போய் டிவிக்குப் பின்னால் கைவிட்டேன். சுட்டது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குக் கச்சிதமாக ஒரு பிளாஸ்டிக் கவர், இறுக்கி ஒரு ரப்பர் பேண்ட். காற்று போக அதில் இருந்த ஓட்டைகளெல்லாம் கவருக்குள்.

"மாமா! யாரு இதுக்குக் கவர் போட்டது?"

கதவைத் திறந்துகொண்டு வந்தார். "தூசி படுமேன்னு காலைல நான்தாம்மா..."

"அது என்ன ரிமோட்டா? சூடாகி ஆஃப் ஆயிடுச்சு! என் வேலையே போச்சு!"

அவரிடம் அதற்கு முன் நான் கத்தியதே இல்லை. நான் கவரைப் பிய்த்து எறிந்தேன்.

அது மறுபடி உயிர் பெறுவதற்குள் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன். மேடம் இன்னும் இருந்தார். "பவர் கட்டா?" என்றார்.

"ஆமா மேடம்" என்று கூசாமல் புளுகினேன்.

சூடு ஆறியிருக்காது, மறுபடி எந்த நிமிஷம் போகுமோ என்று பாதி மனசு டிவிக்குப் பின்னாலேயே கிடந்தது. அப்போதுதான் கவனித்தேன். அன்றைய பேப்பரின் நுனி டிவிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது. மறுபடி எட்டிப் பார்த்தது. டிவி ஸ்டாண்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மாமனார் குந்தி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். தோள்வலிக்குத் தைலம் தேய்க்காமல் படுக்காத மனிதர்.

"வேலைக்கு வந்தா வீட்டுல சப்போர்ட் இருக்கா?" இது மேடத்தின் கடைசிக் கேள்வி. ஆண்களிடம் யாரும் கேட்காத கேள்வி, வேறு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். பேப்பர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கு மேடம்" என்றேன்.

மெயில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பின்னால் விசிறல் மட்டும் நிற்கவில்லை.

"மாமா, முடிஞ்சிடுச்சு. எழுந்து வாங்க."

பேப்பர் நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை.

"என்னால வேலை போயிடுச்சாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டார்.