தோலுக்குப் பில் போடுகிறவள்

ஆறாத புண்ணில் ஒட்டுகிற மாற்றுத் தோலுக்குப் பில் போடுவதுதான் என் தொழில். புண்ணை மட்டும் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. அலுவலகம் கனடாவில், மொன்றியலின் லாசாலில். புண்கள் எல்லாம் எல்லைக்கு அங்கால், அமெரிக்காவில். காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்து, காத்திருக்கும்போது போடுகிற பாட்டு மனப்பாடமாகிப் போனவர்களுக்கு என் பாடு விளங்கும்.

என்ன வேலை?

இங்கே ஆஸ்பத்திரியில் அரசாங்க சுகாதாரக் கார்ட்டைக் காட்டினால் காரியம் முடிந்தது, பில்லே இல்லை. அதனால் எங்கடை சனத்துக்கு என் வேலையை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. என் கணவரின் சிநேகிதர் ஒருவர், டோர்வல் விமான நிலையத்தில் வேலை செய்கிறவர், ஒருநாள் கேட்டார். புண்ணின் நீள அகலம், ஒட்டிய துண்டின் அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் என்று பொறுமையாகச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நீர் தையல் கடையிலயோ வேலை?"

எறிந்த துண்டு

துண்டு பெரிது, புண் சிறிது என்றால் மிச்சத்தை வெட்டி எறிவார்கள். எறிந்த அளவையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பில் திரும்பி வரும். சென்னையிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த கார்த்திக் அதை எழுதாமல் அனுப்பிவிட்டான். திரும்பி வந்ததைப் பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"எங்க வீட்ல சோத்தக் கொட்டினாக்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டாங்கக்கா."

முன்னேற்றம் இல்லை

நான் பில் போடுகிற நோயாளிகளில் ஒருவர் மகேசன் அண்ணை, நியூ ஜெர்சியில் வீடு. நீரிழிவு, குதிக்காலில் புண். இரண்டு தரம் தோல் ஒட்டியாயிற்று. மூன்றாம் தரத்துக்கு, முன்னேற்றம் இல்லை என்று காப்புறுதிக் கொம்பனி மறுத்துவிட்டது. புண் மூடாவிட்டால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவருடைய மனைவி கமலாக்கா எங்களுக்குப் போன் எடுத்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறி அழுதார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். கிழமைக்குக் கிழமை புண் சுருங்கித்தான் வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தரமும் நேர்ஸ் அளவின் கீழே எழுதியிருந்தார்: 'அப்படியேதான் இருக்கிறது என்கிறார் மனைவி.' கொம்பனி அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஏனக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"வடிவா ஆறுது எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. அதை வாயால சொன்னா கண்ணூறு நாவூறு பட்டிடாதே?"

உள்ளதைச் சொல்லுதல்

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. அடுத்த தரம் நேர்ஸ் கேட்டால் உள்ளதைச் சொல்லச் சொன்னேன். "சொல்லி அவருக்கு ஒண்டு நடந்தா?" என்றார். சொல்லாவிட்டால்தான் கால் போகும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

கமலாக்கா சொன்னார். நேர்ஸ் எழுதினார். டொக்டரின் கடிதத்தையும் அளவுகளையும் சேர்த்து மேல்முறையீடு அனுப்பினேன். அனுமதி வந்தது. மூன்றாவது துண்டோடு புண் மூடிவிட்டது. அண்ணை சப்பாத்துப் போட்டு நடக்கிறார் என்று சொல்ல அக்காவே போன் எடுத்தார். நேர்ஸிடம் எப்படித் துணிந்து சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"சொல்லிப்போட்டு வந்து செத்தல் மிளகாய் சுத்தி அடுப்பிலை போட்டனான் பிள்ளை. புகை அலாரம் அடிச்சு, பயர் எஞ்சினும் வந்திட்டுது."

இவ்வளவுக்கும் பிறகு, வேலை எப்படி என்று யாராவது கேட்டால், "ஏதோ போகுது" என்றுதான் நானும் சொல்கிறேன்.