நான் சேர்த்த எழுத்து

கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு மேலே பார்ப்பவனுக்கு முகங்கள் தெரியாது. வெயிலில் கண் கூசும். விளிம்பில் நிற்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். யார் வெறுங்காலோடு ஓடி வந்திருக்கிறார்கள், யார் நிதானமாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். செருப்போடு நிற்பவர்களை நான் நம்பமாட்டேன். இப்படி ஒரு முறையை நானே உண்டாக்கி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கோவையில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்தேன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் மீட்பு வண்டியோடு போகும் ஆம்புலன்ஸில் முதலுதவிக்காரனாக இருந்தேன். தீயணைப்பு என்றால் தீதான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களுக்கு வந்த அழைப்புகளில் தீ குறைவு. கிணறு அதிகம், சாலை விபத்து அதிகம். ரத்தத்தை நிறுத்துவது, எலும்பு அசையாமல் கட்டுவது, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வது, ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது, இவ்வளவுதான் என் வேலை. விழுந்தவர் எப்படி விழுந்தார் என்று கண்டுபிடிக்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதையும் நானாக எடுத்துக்கொண்டேன். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றால் தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். மாத்திரையை மாற்றிப் போட்டுவிட்டாள் என்றால் அட்டையை எடுத்து எண்ணுவேன். "ஊட்டுக்கு வந்தும் போலீசு வேலையா? கொழம்புல உப்பு நாந்தான் போட்டேன், எழுதிக்குங்க" என்பாள் என் மனைவி.

அன்று நண்பகலில் அன்னூர்ப் பக்கமிருந்து அழைப்பு வந்தது. அருகிலிருந்த வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்ததால் நாங்கள் போக வேண்டியதாயிற்று. தோட்டத்துக் கிணற்றில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டார். எழுபது வயது இருக்கும். தண்ணீர் கொஞ்சம்தான் இருந்தது. பம்புக் குழாயை ஒரு கையால் கட்டிக்கொண்டு, தலை சாய்ந்து, பாதி நினைவோடு கிடந்தார். நான் இறங்கி, கழுத்துப் பட்டை போட்டு, தொடையைக் கட்டி, வலையில் வைத்து ஏற்றினேன். ஏறும்போது வழக்கம்போல் மேலே பார்த்தேன். ஒரு பெண் செருப்போடு நின்றாள். நான் வெளியே வந்தபோது விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளிப் போயிருந்தாள். அழவில்லை.

அவள் அவருடைய மருமகள். எங்களுக்குப் போன் செய்தவளும் அவள்தான். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே காதோரம் வந்தார்.

"பையன் பெருந்துறைக் கம்பெனில இருக்கறானுங்க. பீளமேட்டுக் காலேஜ்ல படிக்கறப்பக் கூட்டியாந்தது இது. நம்ம பக்கம் இல்லீங்க."

நான் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. என் பேச்சிலும் உடம்பிலும் எப்படியோ கண்டுகொண்டார். நானும் கேட்டுக்கொண்டேன். நிலத்துக்காரர்கள் வீட்டுக்குள், நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் வீட்டுப் பெண் வந்திருக்கிறாள் என்பது அதன் பொருள். அந்த மூன்று சொற்களுக்குப் பிறகு அவளிடம் இருந்த எல்லாமே எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. அழாத கண், செருப்பு, புறங்கையில் ஒரு புதுக் கீறல்.

ஆம்புலன்ஸில் அவள் பெரியவரின் காலடியில் உட்கார்ந்தாள். நான் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சைரன் அலறிக்கொண்டிருந்தது. வண்டி கோவில்பாளையம் தாண்டும்போது அவளுடைய கணவன் போனில் வந்தான். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு குனிந்து பேசினாள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "நாந்தானுங்க... மாமா... நாந்தான் தள்ளிப்போட்டேன்."

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் எந்த வினைக்குப் பின்னாலும் 'போட்டு' வந்து ஒட்டிக்கொள்ளும். தூங்கிப்போட்டேன் என்றால் தூங்கிவிட்டேன். ஆகவே தள்ளிப்போட்டேன் என்றால் தள்ளிவிட்டேன் என்று ஆகும். தமிழ்நாடு முழுவதற்கும் தெரிந்த இன்னொரு பொருளும் அதற்கு உண்டு. ஒரு வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று ஒத்திவைப்பது. நான் தமிழில் பட்டம் பெற்றவன். இரண்டு பொருளும் எனக்குத் தெரியும். ஒரு பொருள்தான் அன்று என் காதில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் பெரியவரை ஒப்படைத்துவிட்டு வாசலில் இருந்த காவல் சாவடிக்குப் போனேன். கிணற்றில் விழுந்தவர் என்றாலே அங்கே ஒரு வார்த்தை சொல்லிப் பதிய வேண்டும். உட்கார்ந்திருந்த ஏட்டு, "எப்படிங்க விழுந்தாராமா?" என்றார்.

"மருமகளே போன்ல சொல்லுச்சுங்க. 'மாமாவை நாந்தான் தள்ளிப்போட்டேன்'னு. என் காதால கேட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். மாமா என்றுதான் அவள் சொன்னாள். 'மாமாவை' என்று சொல்லவில்லை. இரண்டாம் வேற்றுமை உருபு ஐ. நடுவில் வகரம் உடம்படுமெய். கல்லூரியில் படித்தது. அதை அவளுடைய வாக்கியத்தில் நான் சேர்த்தேன். திட்டமிட்டுச் சேர்த்தேனா என்றால், இல்லை. வாக்கியம் நொண்டுகிறதே என்று சரிசெய்ததுபோலத்தான் வந்தது. ஆனால் சொல்லி முடித்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்தவில்லை.

திரும்பும் வழியில் எங்கள் டிரைவர் சிரித்தார். என்னைவிட இருபது வயது இளையவர். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு இருக்கறது காதா, ரேடியோப் பொட்டியா? சைரன் போட்டா எனக்கு என்ற ஹாரனே கேக்கறதில்ல."

"பக்கத்துல உக்காந்திருந்தவனுக்குக் கேக்காதா?"

"கேக்கும் கேக்கும். நீங்க அந்தப் பொண்ணைப் பாத்த பார்வைக்கு, அது சொல்லாததும் கேட்டிருக்கும்." அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் நிலையத்துக்கே வந்தார். பொறுமையான மனிதர். அந்தப் பெண் வேறு மாதிரிச் சொல்வதாகச் சொன்னார். கிணற்றுச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததாம். கொத்தனாரைக் கூப்பிடு என்று மாமனார் மூன்று தடவை சொன்னாராம். மக்காச்சோளம் ஒடித்து முடியட்டும் என்று இவள்தான் தள்ளிப்போட்டாளாம். அதைத்தான் கணவனிடம் சொல்லி நொந்துகொண்டாளாம்.

"புருசன்கிட்டக் கேட்டீங்களா சார்?" என்றேன்.

"அவனும் அப்படித்தான் சொல்றான். கட்டினவன் வேற எப்படிச் சொல்லுவான்? அதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க வெளியாளு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முழுசாக் கேட்டீங்களா? சைரன் போட்டிருந்ததா?"

இதுதான் நான் இத்தனை பக்கங்களை எழுதக் காரணமான கேள்வி. போட்டிருந்தது, பாதிதான் கேட்டது என்று சொல்ல அரை நிமிடம் போதும். என் சகாக்கள் நான்கு பேர் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் சாயங்காலம் முழுவதும் அவர்களிடம் இதைத்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"முழுசாக் கேட்டனுங்க சார்," என்றேன்.

இரண்டு நாள் அவளைக் காலையில் வரச்சொல்லி இருட்டும்வரை ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் பெரியவருக்கு நினைவு தெளிந்தது. பம்பு இழுக்கவில்லை என்று தானாகத்தான் இறங்கியதாகவும், ஆடிய கல்லில் கால் வைத்ததாகவும், மருமகள் அப்போது சோளக்காட்டில் இருந்ததாகவும் சொன்னார். விசாரணை அத்தோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. குடும்ப மானத்துக்காகக் கிழவர் மறைக்கிறார் என்று நினைத்தேன். அப்படி இருந்துவிட வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி. அவள் தள்ளியிருந்தால் நான் சேர்த்தது பொய் ஆகாது அல்லவா? இரண்டு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாளில், எங்கள் கயிறு ஒன்று அங்கே விட்டுப்போய்விட்டதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன்.

பெரியவர் வேப்ப மரத்தடியில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு கும்பிட்டார். கிணற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனேன். நான்காவது படிக்கல் இருந்த இடத்தில் புதுச் சிமென்ட் பூசியிருந்தது. அதற்கு நேர்க் கீழே, தண்ணீர் ஓரத்தில், பழைய கல் இரண்டு துண்டாகக் கிடந்தது. அன்று நான் இறங்கிய போதும் அது அங்கேதான் கிடந்திருக்கும். கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கல்லைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்ததும் பெரியவர் கேட்டார். "ஏனுங்க, கயித்தைப் பாக்க வந்தீங்களா, கல்லைப் பாக்க வந்தீங்களா?"

நான் நின்றேன்.

"என்ற உசுரக் காப்பாத்துனீங்க. அதுக்கு நான் காலத்துக்கும் கும்புடோணும். ஆனா ஒண்ணுங்க, அன்னைக்கு என்னை மட்டும் ஏத்தீட்டு வந்திருக்கலாம். என்ற மருமகளக் கெணத்துலயே உட்டுப்போட்டு வந்துட்டீங்க."

அவள் மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வண்டி நிறுத்தியிருந்த இடம்வரை கூடவே வந்தாள். வெறுங்காலோடு வந்தாள் என்பதை அப்போதும் கவனித்தேன். அன்று அவள் சோளக்காட்டிலிருந்து வந்தவள். காட்டில் முள் இருக்கும். வேலை செய்கிறவர்கள் செருப்போடுதான் இருப்பார்கள். கீறலும் சோளத்தாள் அறுத்தது. இதெல்லாம் தெரியாத ஊரில் நான் பிறக்கவில்லை.

"சார், உங்களுக்கு அன்னைக்கு என்ன கேட்டுச்சுங்க?"

"கேட்டதைத்தானே அம்மணி சொன்னேன்."

"சரிங்க." என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "அவரு போன்ல முழுசாக் கேட்டாருங்க. அவருக்குச் சைரன் இல்ல, நான் வாயை ஒட்டி வெச்சுத்தான் பேசினேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் சரியாத்தான் சொன்னாரு. ஆனா ஊட்டுக்கு வந்து எங்கிட்டக் கேட்டாருங்க, நெசமாவே நீ தள்ளலியான்னு. காதால கேட்டவருக்கே, நீங்க சொன்னதுக்கப்பறம் சந்தேகம். இப்ப ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து அப்பாவப் பாத்துட்டுப் போயிருவாரு. அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சைரன் போட்டிருந்துச்சு, பாதிதான் கேட்டுச்சுன்னு. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

"சொல்றேன் கண்ணு," என்றேன். ஒரு துண்டுத் தாளில் அவனுடைய எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

அந்த எண்ணுக்கு நான் போன் செய்யவில்லை. பேசினால் நான் பொய் சொன்னது இன்ஸ்பெக்டர்வரை போகும், வேலைக்கு ஆபத்து வரும் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஓய்வு பெறட்டும் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருடம் ஆகிவிட்டது, அவர்களே சேர்ந்திருப்பார்கள், கிளறுவானேன் என்று நினைத்தேன். அவள் நம்ம பக்கமாக இருந்திருந்தால் அந்தச் சொல்லை நான் எப்படிக் கேட்டிருப்பேன் என்பதை மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அது முடியவில்லை.

சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அன்னூர்ப் பேருந்து நிலையச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றைப் பார்த்தேன். அந்தப் பெரியவரின் முகம். கல்யாணத்தை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போனேன். உடலை எடுத்து முடித்திருந்தார்கள். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தக்கால் ஓரமாக மகன் நின்றான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, தானாகவே குரலைத் தாழ்த்தினார். "அந்தா, சொம்போட நிக்குதில்லீங்க, மருமக. முன்னொருக்கா இவரைக் கெணத்துல தள்ளிப்போட்டுதுங்க. பெரியவரு மானத்துக்குப் பயந்து மறைச்சுப்போட்டாரு. பையன் அப்பத்திருந்தே பெருந்துறையிலதான் தனியா இருக்கறான். ஃபயர் சர்வீஸ்காரரே காதால கேட்டாராமா."

நான் எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அந்த ஃபயர் சர்வீஸ்காரன் நாந்தானுங்க. சைரன் போட்டிருந்துச்சு. எனக்குப் பாதிதான் கேட்டுது. மாமாவைன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லீங்க. அதை நானாச் சேத்துச் சொன்னேன். போலீசுக்கும் பொய் சொன்னேன். கல்லு ஆடி உழுந்தாரு. ஒடஞ்ச கல்லை என்ற கண்ணாலயே பாத்தேன்."

பின்னாலிருந்து ஒருவர், "உக்காருங்க பெரியவரே, வெயில்ல வந்திருக்கறீங்க," என்றார். இன்னொருவர், "வயசாகுதல்ல, பாவம் பாக்கறாரு," என்றார். என் பக்கத்து நாற்காலிக்காரர் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தன வருசமா இல்லாம, பெரியவரு கண்ண மூடின அன்னைக்கு வந்து மாத்திச் சொல்றீங்களே. ஏனுங்க, உங்களை யாரு கூட்டியாந்தது?"

அவர் கேட்டதும் பந்தலில் இருந்த எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அன்று என் பொய்க்கு ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. மகன் பந்தக்காலை விட்டு இரண்டு எட்டு வைத்து அவளிடம் வந்தான்.

"நீ வரச்சொன்னியா?"

அவள் சொம்போடு நேராக என்னிடம் வந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை, முன்போலவே, காத்திருந்தாள்.

"நாலே முக்காலுக்கு ஒரு பஸ் இருக்குதுங்க," என்றாள். "போயிருங்க."