பரண் மேல் வைத்த டிஸ்க்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் புவனேந்திரன், சுற்றுத் தேயிலைத் தோட்டங்களின் கல்யாணம், சடங்கு எல்லாவற்றையும் படம் பிடிப்பவர். பந்தியில் இரண்டாம் தரம் வடை கேட்டவரைக்கூட விடமாட்டார். பிறகு கண்ட இடத்தில் அதைச் சொல்லிக் கேலி செய்வார். வீடியோவைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரே புத்திமதி: "ஈரம் படாம வச்சுக்கங்க."

தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் யசோதினியிடமும் அப்படித்தான் சொன்னார். அவளுடைய மகள் பெரியவளான சடங்கு வீடியோ. அதில் அவள் கணவன் வீரய்யா மைக்கைப் பிடித்துப் பேசியிருந்தான். பின்னர் அவன் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் குரல் வேறெதிலும் இல்லை.

வருடத் திதிக்குப் போட்டுப் பார்க்கலாமென்று எடுத்தால், டிஸ்க் திறக்கவில்லை. ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தாள். புவனேந்திரன் செருகிப் பார்த்தார். சில படங்கள் பாதி வந்தன; வீடியோ வரவேயில்லை. டிஸ்க்கில் புகை நாற்றம். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். அடுப்புக்கு மேலே பரணில் என்றாள். மழை மாதங்களில் லயத்து வரிசை வீடுகளில் உப்பும் தீப்பெட்டியும் அங்கேதான் காயும்.

"நீங்கதான ஈரம் படக்கூடாதுன்னீங்க. நாந்தான் சுட்டுட்டேனா அண்ணே?"

சூடு ஆகாதம்மா என்றார். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையுமில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த வகை டிஸ்க்கில் சுழலுகிற தட்டு கிடையாது. நுண்ணிய அறைகளில் மின்சாரத்தைத் தேக்கித்தான் எதையும் ஞாபகம் வைக்கும். அழித்து எழுத எழுத அந்த அறைகள் தேயும். தேய்ந்தவற்றில் மின்சாரம் தங்காது. கரண்டு கொடுக்காமல் வெப்பத்தில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் கசிந்துவிடும். அவர் பல வருடம் எடிட்டிங்கில் அடித்துத் தேய்த்த டிஸ்க் அது. மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டர் எச்சரித்தபோது, பழையதை அழித்து, சடங்கு வீடியோவை அதில் ஏற்றி வீரய்யா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். தன்னிடமிருந்த பிரதியையும் இன்னொரு கல்யாணத்துக்கு இடம் வேண்டுமென்று அழித்திருந்தார்.

யசோதினி டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அவர் பின்னாலேயே போய், பஸ்ஸடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழவில்லை. ஏசவுமில்லை. "மாமி மூணு நாளா, 'எம்மவன அடுப்புல போட்டுட்டாளே'ன்னு பொலம்புறாங்க. இத அங்க வந்து சொல்லுங்க."

கடையைப் பூட்டிவிட்டு அவளோடு பஸ் ஏறினார்.

லயத்து வாசலில் அவர் சொன்னதை வீரய்யாவின் தாய் பெரியாயி கேட்டுக்கொண்டிருந்தாள். டிஸ்க் தேய்ந்த கதை அவளுக்குப் பாதிதான் பிடிபட்டது. மருமகள்மேல் தப்பில்லை என்பது மட்டும் முழுதாகப் புரிந்தது. தேத்தண்ணி ஊத்தச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"டீவில போட்ட அன்னைக்கு ஒரே சிரிப்புச் சத்தம், எனக்கு ஒண்ணும் காதுல விழல. நீங்கதான தம்பி அத வெட்டி ஒட்டுனீங்க. என்னா பேசுனான் எம்மவன்?"

புவனேந்திரன் யோசித்தார். வீரய்யா பேசியதில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை. பேச்சு நீளமென்று நடுவில் பாதியை வெட்டியெறிந்தது மட்டும் ஞாபகம் வந்தது. பெரியாயி காத்துக்கொண்டிருந்தாள்.