கால்கட்டு

பிஸ்கட் டின்னுக்குள் ஒரு கயிற்றுத் துண்டு வைத்திருக்கிறேன். தேங்காய் நாரில் திரித்தது, முழ நீளம்கூட வராது. முடிச்சு இன்னும் இறுகியே கிடக்கிறது. அதன் பக்கத்தில் அரிவாள் பட்ட இடம் மட்டும் பிசிறாய் நிற்கிறது. முடிச்சைப் போட்டவர் பெரியப்பா. அவர் செத்து முப்பது வருடமாகியும் எனக்கு அவர்மீது கோபம் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொண்டதும் இல்லை.

அப்பா போனபின் அம்மாவும் நானும் மலாய் நாட்டில், காஜா பெராங்கில் அவர் வீட்டில்தான் ஒண்டியிருந்தோம். ஐந்து கறவை மாடுகள். தெங்கேரா வரைக்கும் சைக்கிளில் பால் போகும். மேயப் போன மாடு அடுத்தவர் தோட்டத்தில் வாய் வைத்தால், அதன் முன்னங்கால்கள் இரண்டையும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டிவிடுவார். அதுதான் கால்கட்டு. மாடு மேயலாம், நிற்கலாம், நொண்டி நொண்டி நாலு எட்டு வைக்கலாம்; ஓட முடியாது. பழைய தமிழில் இதைத் தளை என்பார்கள் என்று பிற்பாடு படித்தேன். கல்யாணத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு மட்டும் எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. எங்கள் கொட்டகைக்கும் கூடத்துக்கும் பத்தடிதான். அந்தச் சொல் உள்ளே வந்ததை நானே பார்த்தேன். ஊர்சுற்றும் பையன்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் அது. பெரியப்பா என்னைப் பற்றிச் சொன்னார், சிரிக்காமல்.

சுதந்திரம் வரப்போகிறதென்று கடைத்தெருவெல்லாம் கொடி கட்டிய நாட்கள். ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்தது. பெரியப்பா அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"படிச்சது போதும். இதுக்கு ஒரு கால்கட்டு போட்டாத்தான் வீட்டுல தங்கும்" என்றார்.

குருபோங்கில் மாப்பிள்ளை, முதல் பெண்டாட்டியை இழந்தவர், நாற்பதைத் தாண்டியவர். நேர்முகத் தேர்வு நாளையே நிச்சயத்துக்கும் குறித்தார். அது தற்செயல் என்று நம்ப நான் என்ன பால்குடிப் பிள்ளையா? எந்தச் சட்டைக்கு மாறினாலும் கடிதமும் பைக்குப் பை மாறியது.

அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். புருஷனின் அண்ணன் முன்னால் வாய் திறக்கக் கூடாதென்பது எங்கள் வழக்கம். எதுவானாலும் கதவைப் பார்த்துத்தான் சொல்வாள். அந்த வாரம் கதவிடம்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவள்மீதும் ஆத்திரம்.

நாள் குறித்து நாலு நாள் கழித்துப் பேய்மழை. பரம்பரையாய் மலாய் பேசும் பக்கத்துச் செட்டி வீட்டம்மாவின் கீரைப்பாத்தியில் நுழைந்ததற்காகச் செவலைக்குக் கால்கட்டு போட்டிருந்தார். மழை கண்டும் அவிழ்க்கவில்லை. சாயங்காலம் அந்த அம்மாள் வேலியோரம் நின்று, "லெம்பு ஜாத்தோ! லெம்பு ஜாத்தோ!" என்று மலாயில் அலறினாள். மாடு லொங்காங்கில், அந்தப் பெரிய சாக்கடையில், விழுந்து கிடந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். கால் விரிந்திருந்தால் எழுந்து வந்திருக்கும். பெரியப்பா முடிச்சோடு மல்லுக்கட்டினார். நனைந்த நார் விடவில்லை. நான் புல்லரிவாளோடு இறங்கி அறுத்தேன். அதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"ஓடுகாலி மாடு. அதும் விதி" என்றார் கரையேறிய பெரியப்பா.

மழையில் நின்ற அம்மா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "கட்டுனது நீங்க. விதி மேல பழிய போடாதீங்க. எம்மவ லெட்டரக் குடுங்க."

அவர் கை சட்டைப் பைக்குள் போனது. நனைந்த கடிதம் பையிலிருந்து வெளியே வந்தது. மை கரைந்திருந்தது, நாளும் நேரமும் படிக்க முடிந்தது. நிச்சயம் நின்றது; நான் தேர்வுக்குப் போனேன், தேர்வானேன். அதன்பிறகு அவர் சாகும்வரை அம்மாவோடு பேசவில்லை. சனியன் விட்டது என்றிருந்தோம். பிறகு எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டேன்; அந்தக் கல்யாணத்தை எங்கள் வீட்டில் யாரும் கால்கட்டு என்று சொன்னதில்லை.

போன வாரம் பெரியப்பாவின் பேரன் செமாபோக்கிலிருந்து போன் செய்தான். "அத்த, எம் பொண்ணு மேல படிக்கணும்னு அடம் பிடிக்குது. சட்டுபுட்டுனு ஒரு கால்கட்டு போட்றலாம்னு பாக்குறோம். நீங்க பெரியவங்க, வந்து நாலு வார்த்த சொல்லணும்."

வருகிறேன் என்றேன். டின்னை இப்போதே கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அவனுக்கு அல்ல, அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் காட்டுவேன், அறுத்த பக்கத்தை.